வீட்டுச் சூடேற்றியில் நீர் குறைவதேன்?

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தோருக்கு வீட்டைக் குளிர்விப்பது எங்ஙனம் என்பதே வாழ்நாள் கவலை. வீட்டைச் சூடேற்றுவது எங்ஙனம் என்ற வினா அவர்களுக்கு எழுவதேயில்லை. மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வையும், நீராடுவதற்குப் பித்தளைப் பாய்லரில் காய்ந்த வெந்நீரும் அங்கே போதும். உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ சிம்லாவிலும், ஸ்ரீநகரிலும், லே நகரிலும் குடியேறிய நம்மவருக்கு முதற் குளிர்காலத்திலேயே அந்த வினா எழுந்துவிடுகிறது. காஷ்மீரத்து மக்கள் கரிநெருப்பிட்ட காங்கிரியை அங்கிக்குள் ஏந்தித் திரிகின்றனர். அறையின் நடுவே புகாரி அடுப்பை மூட்டுகின்றனர். வசதி படைத்தோர் கல்தளத்தின் அடியில் விறகெரிக்கும் ஹமாம் அறையில் குளிர்காலத்தைக் கழிக்கின்றனர். இவற்றோடு, புதிதாய் எழும் வீடுகளிலும் விடுதிகளிலும், வெந்நீரைக் குழாய்களில் சுற்றிவரச் செய்து அறைகளைச் சூடாக்கும் முறையும் இடம் பெற்றுள்ளது. அம்முறையில் அடிக்கடி நேரும் ஒரு கோளாற்றைக் குறித்தே நாம் இங்கே பேச எண்ணுகிறோம்.

அமைப்பு எளிது. ஒரு மூலையில் டீசலாலோ எரிவாயுவாலோ மின்சாரத்தாலோ இயங்கும் கொதிகலன் ஒன்று இருக்கும். பெயர்தான் கொதிகலனேயன்றி, நீர் அதில் கொதிப்பதில்லை; 60 முதல் 80 டிகிரி வரை காய்கிறது. சிறு பம்பு ஒன்று அந்நீரை ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை ஈந்த நீர் மற்றொரு குழாய் வழியே கொதிகலனுக்கே மீள்கிறது. சென்ற நீரே திரும்பி வருவதால், ஒருமுறை நிரப்பிய நீர் ஆண்டுக் கணக்கில் போதுமானது. குடிக்கவோ குளிக்கவோ அதிலிருந்து எவரும் எடுப்பதில்லை. ஆகவே நீர் குறைகிறதென்றால் அது வெளியேற எங்கோ ஒரு வழி இருந்தே ஆக வேண்டும்.

குறைவை நமக்கு அறிவிப்பது கொதிகலனின் முகப்பிலுள்ள அழுத்தமானி. நீர் ஆறியிருக்கும்போது அதன் முள் 1 முதல் 1.5 பார் வரை காட்டுவது வழக்கம். சில வாரங்களில் அது அரைக்கு இறங்கி, பின்னர் பூஜ்யத்தை எட்டும். கொதிகலன் தானே நின்றுவிடும். வீட்டிலுள்ளோர் நிரப்புக் குழாயைத் திறந்து, முள்ளை ஏற்றி, மீண்டும் மூட்டுவர். அடுத்த வாரமும் அதுவே நடக்கும். நாளடைவில் அது பால்காரருக்குப் பாத்திரம் வைப்பது போன்ற அன்றாடக் கடமையாகிவிடும். இந்தப் பழக்கந்தான் ஆபத்து. சொட்டுச் சொட்டாய் ஒழுகும் நீரால் நேரும் கேட்டைவிட, ஓயாமல் ஊற்றப்படும் புதுநீரால் நேரும் கேடே பெரிது என்று நாம் கருதுகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. நெடுநாள் சுற்றிய பழைய நீரில் பிராணவாயு இராது. இரும்பு அதனை முன்னரே உண்டு தீர்த்திருக்கும். நீர் கறுத்துத் தோன்றினாலும் அது இரும்புக்குப் பகையன்று. புதுநீரோ ஒவ்வொரு முறையும் புதிய பிராணவாயுவைச் சுமந்து வருகிறது; ரேடியேட்டரின் உட்சுவர் மீண்டும் அரிக்கப்படுகிறது; கறுப்பு வண்டல் சேர்ந்து பம்பையும் குழாயையும் அடைக்கிறது. நீர் கடினமானதாயின் சுண்ணாம்பும் சேரும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணச்சத்து உள்ள நீரை 100 லிட்டர் ஊற்றினால், 30 கிராம் வரை காரை படியக்கூடும். அது பரவலாய்ப் படிவதில்லை. நெருப்புக்கு மிக அருகிலுள்ள மெல்லிய தகட்டிலேயே படிகிறது. அத்தகடு வெடித்தால் கொதிகலனையே மாற்ற நேரிடும்.

குளிர்நாடுகளில் மற்றோர் அபாயமும் உண்டு. நீர் உறையாதிருக்கும் பொருட்டு அதனுடன் கிளைக்கால் என்னும் திரவத்தைக் கலப்பர். ஒழுகுவது கலவை, ஊற்றுவதோ வெறும் நீர். இவ்வாறு இரு பருவம் கழிந்தால், உறைவைத் தடுக்கும் ஆற்றல் கலவையில் குன்றிவிடுகிறது. உறையும் நீர் கனஅளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு வீதம் பெருகும். அப்பெருக்கத்தை வீட்டுக் குழாய்கள் பல தாங்குவதில்லை.

இனி, காரணத்தைக் கண்டறியும் வழியைக் காண்போம். முதற்கண், நீர் மெய்யாகவே குறைகிறதா என்பதை நிச்சயித்தல் வேண்டும். சூடாயிருக்கும்போது ஏறிய முள் ஆறியபின் இறங்குவது இயல்பே. ஆகையால் நாள்தோறும் அதிகாலையில், கொதிகலனை மூட்டுமுன், முள்ளின் நிலையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ரேடியேட்டரின் உச்சியிலுள்ள திருகைத் திறந்து காற்றை வெளியேற்றிய நாளையும், நீர் ஊற்றிய நாளையும் குறித்தல் நன்று. காற்று வெளியேறினாலும் முள் இறங்கும். புதிதாய் நிரப்பிய நீரில் கரைந்துள்ள காற்று சில வாரங்கள் வரை பிரிந்துகொண்டேயிருக்கும். அதை ஒழுக்கென்று மயங்கித் தரையைப் பெயர்த்தெடுக்கலாகாது. மாறாக, மாதங்கள் பல கழிந்தும் ஒரே ரேடியேட்டரில் மீண்டும் மீண்டும் வாயு சேருமாயின், அது பெரும்பாலும் அரிமானத்தால் உள்ளே உண்டாகும் ஹைட்ரஜன் வாயு. அது எரியும் இயல்பினது. அருகே தீக்குச்சியைக் கொண்டு செல்லலாகாது.

அடுத்தது முள்ளின் மொழியை உணர்தல். இவ்விடத்தில் சற்றுத் தங்கிச் செல்வது அவசியம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அழுத்தமானி நீரின் அளவைக் காட்டுவதில்லை. அது காட்டுவது விரிவுக் கலத்தினுள் அடைபட்ட காற்றின் நெருக்கத்தை. விரிவுக் கலம் என்பது ஓர் இரும்பு உருண்டை, அல்லது தட்டையான பெட்டி. அதன் நடுவே ரப்பர்த் திரை ஒன்று உண்டு. திரைக்கு ஒருபுறம் காற்று, மறுபுறம் நீர். 100 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் காய்ச்சினால் ஏறக்குறைய 3 லிட்டர் பெருகும். நீரை நெருக்கிச் சுருக்குதல் அரிது; காற்றையோ எளிதில் சுருக்கலாம். அந்த 3 லிட்டருக்குக் காற்றே ஒதுங்கி இடங்கொடுக்கிறது. 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை இளமையில் பள்ளியில் படித்தோம். அது மலைநாட்டு வீட்டின் மூலையில் இரவும் பகலும் தொழிற்படுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 லிட்டர் கொள்ளும் விரிவுக் கலம். நீர் சேருமுன் அதில் முக்கால் பார் காற்று அடைக்கப்பட்டுள்ளது. முள் ஒன்றரையில் நிற்கும்போது கலத்தினுள் ஏறக்குறைய 4 லிட்டர் நீர் இருக்கும். முள் ஒன்றுக்கு இறங்குமுன் சுமார் 2 லிட்டர் நீர் வெளியேறியிருக்க வேண்டும். இது கலம் நலமாயிருக்கும் வீட்டின் கணக்கு. கலத்திலுள்ள காற்றெல்லாம் போய்விட்ட வீட்டில் இக்கணக்குச் செல்லாது. அங்கே சில கரண்டி நீர் வெளியேறினாலே முள் பூஜ்யத்துக்குச் சரிந்துவிடும். ஆகவே முள் வேகமாக விழுவதைக் கண்டு, வீட்டின் அடியில் ஆறு ஓடுவதாக அஞ்ச வேண்டியதில்லை. ஒழுக்கு சிறிதாகவும், கெட்டது கலமாகவும் இருக்கலாம்.

கலம் கெட்டதற்கு மற்றோர் அடையாளமும் உண்டு. நலமான கலமுள்ள வீட்டில், காலையில் ஒன்றில் நின்ற முள் நன்றாய்ச் சூடேறியபின் 1.7 அளவில் நிற்கும். கலம் கெட்டிருப்பின், மூட்டிய அரை மணிக்குள் அது 3ஐ எட்டும். 3 பாரில் திறந்துகொள்ளும்படி அமைந்த காப்பு வால்வு உடனே திறந்து, மிகுநீரைச் சுவருக்கு வெளியே துப்பிவிடும். இரவில் எல்லாம் ஆறிச் சுருங்கியதும், வெளியேறிய நீருக்கு ஈடு இல்லாமையால் முள் பூஜ்யத்தில் படுக்கும். வீட்டார் நீர் ஊற்றுவர். மறுநாளும் வால்வு துப்பும். நீர் குறையும் வீடுகளில் பலவற்றுக்கு உரிய கதை இதுவே. வீட்டினுள் ஒரு துளி ஈரமும் தென்படாது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வால்வுக் குழாயின் வாயைச் சென்று பார்ப்பவர் எவருமில்லை. சிம்லா போன்ற இடங்களில் தை மாதத்தில் அக்குழாயின் நுனியில் பனிக்கட்டி விழுதுபோல் தொங்குமாயின், வேறு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. குளிர் அவ்வளவு கடுமையில்லாத இடங்களில் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்தால், மாலைக்குள் உண்மை பையில் சேர்ந்துவிடும்.

கலத்தின் மேற்புறத்தில் மோட்டார் டயருக்குள்ளது போன்ற சிறு வால்வு இருக்கும். அதன் நடுவூசியை அழுத்தினால் நீர் வருமாயின், ரப்பர்த் திரை கிழிந்துவிட்டது. கலத்தை மாற்றுவதன்றி வழியில்லை. நீரும் வாராது காற்றும் வாராதெனில், காற்று மட்டுமே போயிருக்கலாம்; டயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் மீண்டும் அடைக்கலாம். ஆனால் கொதிகலனை நிறுத்தி, ஆறவிட்டு, நீர்ப்புறத்தின் அழுத்தத்தை முற்றும் இறக்கிய பின்னரே அடைக்க வேண்டும். இல்லையேல், பம்பு காட்டும் அளவு மெய்யான அளவாகாது. காப்பு வால்வையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். பலமுறை திறந்து மூடிய வால்வின் இருக்கையில் வண்டல் துகள் சிக்கி, பின்னர் அது ஒருபோதும் முழுதும் மூடுவதில்லை. கலத்தை மட்டும் மாற்றிவிட்டு, ‘செலவழித்தும் பயனில்லை’ என்று சலித்துக்கொள்வோர் பலர்.

டில்லி, லக்னோ முதலிய சமவெளி நகரங்களில் வாழும் நேயர்களுக்கும் இவ்விடத்தில் ஒரு சொல். குளியலறைக் கீசரின் வால்விலிருந்து சொட்டும் நீருக்கும் இதே விதிதான். 25 லிட்டர் நீர் 15 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் காயும்போது ஏறக்குறைய அரை லிட்டர் பெருகும். அது மாடித் தொட்டிக்குத் திரும்பிச் செல்ல வழி இருந்தால் எவருக்கும் தெரியாது. வழியை ஒருபோக்கு வால்வு அடைத்திருந்தால் காப்பு வால்வின் வழியே சொட்டும். சூடேறும்போது மட்டும் சொட்டுவது கோளாறன்று. மின்சாரத்தை நிறுத்தி நெடுநேரமான பின்னும் சொட்டுவதே கோளாறு.

மலைநாட்டுக்கு மீள்வோம். வால்வும் கலமும் குற்றமற்றவை எனத் தெளிந்தபின், கண்ணுக்குப் புலனாகும் ஒழுக்குகளைத் தேட வேண்டும். இதற்கு ஏற்ற வேளை அதிகாலை. ரேடியேட்டர் சூடாயிருக்கையில் இணைப்பில் கசியும் துளி அப்போதே ஆவியாகிவிடும். தடவிப் பார்த்தால் உலர்ந்தே இருக்கும். ஆறியபின் உலோகம் சுருங்குவதால் இணைப்பு சற்றே நெகிழ்ந்து, துளி வெளிப்படும். ஒவ்வொரு திருகுக்கும் இணைப்புக்கும் அடியில் இரவு ஒரு துண்டுச் செய்தித்தாளை இட்டுவைத்தால், காலையில் எது சுருங்கியிருக்கிறதென்று பார்க்கலாம். துளி தென்படாவிடினும் அதன் தடம் தென்படும்: பித்தளையிலும் செம்பிலும் பச்சைக் களிம்பு, இரும்பில் செம்பழுப்புக் கறை, எங்கும் வெண்மையான சுண்ணாம்புப் பூப்பு. ரேடியேட்டரைத் திறந்து மூடும் திருகின் கழுத்தே அதிகமாய்க் கசியும் இடம். அங்குள்ள மரையைச் சிறிது முறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.

இவையும் இல்லையெனில், வீட்டை இரண்டாகப் பகுத்துச் சோதிக்க வேண்டும். கொதிகலனிலிருந்து வீட்டுக்குள் செல்லும் குழாயிலும், திரும்பும் குழாயிலும் ஒவ்வோர் அடைப்பு வால்வு இருப்பது வழக்கம். இரவில் கொதிகலனை முற்றும் நிறுத்தி, ஆறிய பின்னர், இரண்டையும் மூடிவிடுக. மூடிய நிலையில் கொதிகலனை எக்காரணங்கொண்டும் மூட்டலாகாது. இதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைப்பது நன்று. அழுத்தமானி சாதாரணமாகக் கொதிகலன் புறத்தில் இருக்கும். காலையில் முள் இறங்கியிருந்தால், குற்றம் கொதிகலனுடையது. முள் அசையாதிருந்து, வால்வுகளைத் திறந்தவுடன் சட்டென்று விழுந்தால், குற்றம் வீட்டுக் குழாய்களுடையது. ஒரே இரவில், காசு செலவின்றி, பாதி வீட்டைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம். குழாய்ப்புறம் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனியே அடைக்கத்தக்கதாயின், இவ்வாறே மேலும் பகுக்கலாம்.

தரைக்குள் புதைந்த குழாய் ஒழுகினால், அவ்விடத்துத் தரை மட்டும் வெதுவெதுப்பாயிருக்கும். குழாய் செல்லும் வழியெல்லாம் சிறிது சூடு இருப்பது இயல்பே. ஓரிடத்தில் மட்டும் அது விரிந்து பரந்திருப்பதே அறிகுறி. வெறுங்காலால் நடந்து பார்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால், அது புதிதாய்த் தேர்ந்து படுக்கும் இடத்தையும் கவனிப்பதில் தவறில்லை.

கொதிகலன் புறத்தில் ஒழுக்கு இருந்தால், ஆராய்ச்சி சற்று நுட்பமாகும். நெருப்பின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் தகட்டில் ஊசித்துளை விழுந்தால், கசியும் நீர் புகையோடு ஆவியாய்ப் போய்விடும். தரையில் ஒரு துளியும் விழாது. புகையிலுள்ள ஈரத்தையும் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் புதுவகைக் கொதிகலன்களில், அந்த ஈரத்தை வடிக்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. எரியும்போது அதில் நீர் வடிவது இயல்பு. எரியாமல் நெடுநேரம் இருந்தபின்னும் வடிந்தால், அது புகையின் நீரன்று, சுற்றின் நீர். இதனைச் சரிசெய்வது தேர்ந்த தொழிலாளியின் வேலை. நாமாகக் கொதிகலனைத் திறத்தல் தகாது.

இந்திய வீடுகளுக்கே உரிய ஒரு வழியும் உண்டு. அயல்நாட்டு நூல்கள் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. அந்நாடுகளில் தெருக்குழாய் நீரின் அழுத்தம் சூடேற்றியின் அழுத்தத்தைவிட மிகுதி. நம் வீடுகளிலோ நீர் மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. 3 மீட்டர் உயரத்துத் தொட்டி தருவது 0.3 பார் மட்டுமே. சுற்றினுள் இருப்பது ஒன்றரை. ஆகவே நிரப்புக் குழாயின் திருகு முழுதும் மூடாமலும், ஒருபோக்கு வால்வு பழுதாகியும் இருந்தால், சூடேற்றியின் நீர் பின்னோக்கிச் சென்று வீட்டு நீரில் கலக்கும். குளிக்கும் நீரையும் அதே கொதிகலன் காய்ச்சுமாயின், இரண்டையும் பிரிக்கும் தகட்டின் துளை வழியாகவும் கலக்கும். எங்கும் ஈரமிராது; நீர் மட்டும் குறையும். இது பணநட்டத்தோடு நிற்கும் விஷயமன்று. சுற்றில் எதிலீன் கிளைக்கால் கலந்திருந்தால் அது கொடிய நஞ்சு. இனிப்புச் சுவையுடையதாதலால் குழந்தைகளை ஏய்த்துவிடும். வீடுகளுக்கு ஏற்றது நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் வகையே. எது ஊற்றப்பட்டதென்று வீட்டுக்காரரைக் கேட்டு, டப்பாவையே பார்த்து அறிவது உத்தமம். சோதனையும் எளிது: நிரப்பியபின் அந்த இணைப்புக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், சுற்றின் பக்கத்து வாயில் நீர் சொட்டினால் திருகு மூடவில்லை என்பது வெளிப்படை. தகட்டின் துளையை அறிய, தொழிலாளிகள் சுற்றுநீரில் நிறமி சேர்ப்பர். வெந்நீரில் அந்நிறம் ஏறினால் ஐயமில்லை. அதுவரை அந்நீரைச் சமையலுக்குத் தொடாதிருக்க வேண்டும்.

பழைய கட்டடங்கள் சிலவற்றில் அழுத்தமானியே இராது. கூரையின் அடியில் மிதவையுடன் கூடிய சிறு தொட்டி ஒன்று, குறையும் நீரைத் தானே ஈடுசெய்துகொண்டிருக்கும். ஒழுக்கை இது ஆண்டுக் கணக்கில் மறைத்துவிடும். மிதவையை மேலே தூக்கி ஒரு குச்சியில் கயிற்றால் கட்டி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, மறுநாள் பார்த்தால் கள்ளம் வெளிப்படும். சோதனை முடிந்ததும் கட்டை அவிழ்க்க மறவற்க.

ஒழுக்கை உள்ளிருந்தே அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களைப் பற்றிக் கேட்போர் உண்டு. இணைப்பின் சிறு கசிவுக்கு அவை சிலகாலம் பயன்படலாம். கலமோ வால்வோ கெட்ட வீட்டில் அவற்றால் யாதொரு பயனுமில்லை. காற்று வெளியேறும் நுண்துளைகளை அவை அடைத்துவிடுவதும் உண்டு. காரணம் அறியாமல் ஊற்றலாகாது என்பதே நம் கருத்து.

வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு அந்தக் குறிப்பேடு மற்றொரு விதத்திலும் துணை செய்யும். தென்னாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சூடேற்றியைக் கையாளத் தெரியாது என்று வீட்டுக்காரர் எண்ணக்கூடும். ‘பானி கம் ஹோ ரஹா ஹை’ என்று மட்டும் மிஸ்திரியிடம் சொன்னால், அவர் நீரை நிரப்பிவிட்டுக் கூலி பெற்றுச் செல்வார். காலையில் இவ்வளவு, சூடேறியபின் இவ்வளவு, வால்வை மூடிய இரவில் இவ்வளவு என்று எழுதிய பக்கத்தைக் காட்டினால் பேச்சே வேறாகும். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

பொங்கலுக்கு ஊர் செல்லும் வழக்கமுள்ளோர் இதனைத் தள்ளிப்போடுதல் ஆகாது. காஷ்மீரத்தில் டிசம்பர் 21 அன்று தொடங்கும் ‘சில்லை கலான்’ என்னும் 40 நாள் கடுங்குளிருக்குள்தான் பொங்கல் வருகிறது. நீர் குறையும் வீட்டைப் பூட்டிச் சென்றால், அழுத்தம் இழந்த கொதிகலன் தானே நின்றுவிடும். சுற்றில் எஞ்சிய நீர் உறைந்து குழாய்கள் பிளக்கும். திரும்பி வந்து மூட்டி, பனி உருகிய பின்னரே கூரையும் சுவரும் நனைவது தெரியும். பழுது நீங்காத நிலையில் புறப்பட நேர்ந்தால், கொதிகலனின் மின்சாரத்தையும் எரிபொருளையும் நிறுத்தி, ஆறவிட்டு, நிரப்புக் குழாயை மூடி, மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகால் திருகைத் திறந்து, மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகுகளையும் திறந்துவிட வேண்டும். மேலே காற்று புகாவிடின் கீழே நீர் முழுதும் இறங்காது. கிளைக்கால் கலந்த நீராயின் சாக்கடையில் விடாமல் கேன்களில் பிடித்து வைக்கலாம். வடிந்ததை லிட்டர் கணக்கில் அளந்து குறிப்பேட்டில் எழுதி வைத்தால், திரும்பி வந்து நிரப்பும்போது எவ்வளவு கலவை வேண்டும் என்பதற்கு அந்த எண் உதவும்.